ஸ்வீடனின் ‘இருண்ட பக்கம்’: தேடி வந்த கேமராக்களும், அவை தவறவிட்ட ஊர்களும்!

பரட்டைத் தலை பொம்மை ஒன்று, கரகரத்த குரலில் பொருளே இல்லாத இரண்டு சொற்களைத் திரும்பத் திரும்பப் பாடும். பக்கத்தில் நிற்கும் இரண்டு இளஞ்சிவப்பு பொம்மைகள் தலையை ஆட்டி ஆட்டிப் பின்பாட்டு பாடும். ‘மஹ்னா மஹ்னா’ என்ற அந்தப் பாட்டை யூடியூபில் போட்டுவிட்டால், சாப்பிட அடம்பிடிக்கும் குழந்தைகூட வாயைத் திறந்துவிடும். 1969ல் ‘செசமி ஸ்ட்ரீட்’, 1976ல் ‘தி மப்பெட் ஷோ’ என அமெரிக்கத் தொலைக்காட்சி வழியாக உலகம் சுற்றிய பாட்டு அது.

ஆனால், அந்தப் பாட்டு முதன்முதலில் ஒலித்தது, குழந்தைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்கவே முடியாத ஒரு படத்தில்!

1968ல் வெளிவந்த அந்த இத்தாலியப் படத்தின் பெயர், ‘ஸ்வீடன்: சொர்க்கமும் நரகமும்’. இயக்கியவர் லூயிஜி ஸ்கட்டீனி. இசை, பியரோ உமிலியானி. படத்தில் வரும் ஒரு சானா குளியல் காட்சிக்காக அவர் போட்ட மெட்டுதான் பின்னாளில் பொம்மைகளின் பாட்டாக மாறியது.

படம் தன்னை ‘ஆவணப்படம்’ என்று சொல்லிக்கொண்டது. தன்பாலின ஈர்ப்புள்ள பெண்கள் கூடும் இரவு விடுதி, ஜோடி மாற்றிக்கொள்ளும் தம்பதிகள், பள்ளி மாணவர்களுக்குப் பாலியல் பாடம், போதை, குடி, தற்கொலை... ஒரு நாட்டையே இப்படி ஒன்பது பகுதிகளாகப் பிரித்து, ‘பாருங்கள் இவர்கள் எப்படி வாழ்கிறார்கள்’ என்று திரையில் காட்டி, டிக்கெட் விற்றார்கள்.

இந்தப் பாணிக்கு ஒரு பெயரே உண்டு... ‘மோண்டோ’ படங்கள். 1962ல் குவால்தியரோ ஜேகோபெட்டி, பாவ்லோ கவாரா, ஃப்ராங்கோ ப்ராஸ்பெரி என்ற மூன்று இத்தாலியர்கள் எடுத்த ‘மோண்டோ கானே’ பெரிய அளவில் ஓடியது. ‘நாய்ப்பிழைப்பு’ என்பதுபோல இத்தாலியர்கள் அலுத்துக்கொள்ளும் வசவுதான் அந்தத் தலைப்பு. உலகம் முழுக்க அலைந்து, விநோதமான சடங்குகளையும் அருவருப்பான காட்சிகளையும் பிடித்து வந்து, கேலியான பின்னணிக் குரலோடு அடுக்கினார்கள். அதன் வெற்றியைப் பார்த்து ஒரு படையே கேமராவோடு கிளம்பியது. நிஜக் காட்சியோடு நடிக்கவைத்து எடுத்த காட்சியைக் கலப்பது, ஒரு தெருவில் பார்த்ததை ஒரு நாட்டுக்கே பொருத்துவது, ‘கண்டிக்கிறோம்’ என்று சொல்லிக்கொண்டே ரசிக்கவைப்பது... இவைதான் அந்தப் படங்களின் வழக்கமான சமையல் குறிப்பு.

ஸ்வீடனுக்கு வந்த கேமராக்கள் எதைப் பார்த்தன, எதைப் பார்க்காமல் திரும்பின? அந்த இடங்களுக்கே ஒரு பயணி இன்று போனால் தெரிந்துவிடும்.

பதினான்கு தீவுகளின் தலைநகரம்

ஸ்வீடனின் தலைநகர் ஸ்டாக்ஹோம், பதினான்கு தீவுகள் மீது கட்டப்பட்ட நகரம். மேலாரென் ஏரியின் நன்னீர் பால்டிக் கடலில் போய்ச் சேரும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. எந்தப் பக்கம் பத்து நிமிடம் நடந்தாலும் ஒரு பாலம் வந்துவிடும்.

சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குக் கீழே, மெட்ரோவின் நீலப் பாதைக்கு இறங்கினால் கண் விரியும். பாறையைக் குடைந்து, குகையை அப்படியே விட்டு, அதன் மேல் நீல நிறத்தில் கொடிகளையும் இலைகளையும் வரைந்திருக்கிறார்கள். ஒரு பக்கச் சுவரில், அந்த நிலையத்தைக் கட்டிய தொழிலாளர்களின் நிழலுருவங்கள். ராஜாவுக்குச் சிலை வைக்கும் இடத்தில் வெல்டருக்கும் தச்சருக்கும் ஓவியம். 1950ல் தொடங்கிய இந்த மெட்ரோவில், தொண்ணூறுக்கும் மேற்பட்ட நிலையங்களில் இப்படி ஏதாவது ஒரு கலைப்படைப்பு இருக்கிறது. டிக்கெட் விலையில் ஒரு மியூசியம்!

இந்த நகரத்தை ‘பாவத்தின் தலைநகரம்’ என்று உலகம் பேசத் தொடங்கியது எப்போது?

1955 என்ற ஆண்டு

அந்த ஆண்டில் ஸ்வீடனில் பள்ளிகளில் பாலியல் கல்வி கட்டாயமானது. உலகிலேயே முன்னோடியான முடிவு அது. அதற்கு இருபது ஆண்டுகளுக்கும் முன்பே, 1933ல், எலிஸ் ஒட்டேசன் ஜென்சென் என்ற பெண்மணி இதற்காக ஒரு அமைப்பைத் தொடங்கி, ஊர் ஊராகப் போய்ப் பேசிவந்தார். தேவையற்ற கர்ப்பங்களையும், மறைவாகச் செய்த கருக்கலைப்பில் இறந்துபோன பெண்களையும் பார்த்து எழுந்த அக்கறை அது. வகுப்பறையில் சொல்லிக்கொடுத்தது உடலைப் பற்றிய பாடம்.

அதே 1955 ஏப்ரலில் அமெரிக்காவின் ‘டைம்’ இதழ், பாவத்தையும் ஸ்வீடனையும் சேர்த்துத் தலைப்பிட்டு ஒரு கட்டுரை வெளியிட்டது. அதற்குப் பிறகு அமெரிக்கர்களுக்கு ஸ்வீடன் என்றாலே ஒரு கண்சிமிட்டல்தான்.

சினிமாவும் கைகொடுத்தது. 1953ல் இங்மர் பெர்க்மன் ‘மோனிகாவுடன் ஒரு கோடை’ என்ற படத்தை எடுத்தார். ஏழைத் தொழிலாளிகளான இரண்டு இளம் காதலர்கள், வேலையையும் வீட்டையும் விட்டுப் படகில் தீவுக்கு ஓடுகிறார்கள். கோடை முடிகிறது. குழந்தை பிறக்கிறது. காசில்லாத குடித்தனம் காதலைத் தின்கிறது. மனதைப் பிசையும் கதை.

இதை வாங்கிய க்ரோகர் பாப் என்ற அமெரிக்க வியாபாரி என்ன செய்தார் தெரியுமா? ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் ஓடும் படத்தை ஏறக்குறைய ஒரு மணி நேரமாக வெட்டினார். புதிய இசை சேர்த்தார். ‘மோனிகா: ஒரு கெட்ட பெண்ணின் கதை’ என்று பெயரை மாற்றினார். வறுமையும் வாடகையும் அழுகிற குழந்தையும் குறைந்துபோக, கடற்கரையில் குளிக்கும் நாயகி மட்டும் போஸ்டரில் நின்றாள்.

அந்தப் படம் எடுக்கப்பட்ட ஓர்னோ தீவுக்கு இன்றும் போகலாம். ஸ்டாக்ஹோமுக்கு வெளியே சிதறிக்கிடக்கும் ஆயிரக்கணக்கான தீவுகளில் அதுவும் ஒன்று. டாலரோ என்ற கரையோர ஊர்வரை பஸ், அங்கிருந்து ஃபெரி. வழவழப்பான பாறைகள், பைன் மரங்கள், சிவப்பு வண்ணம் பூசிய மரவீடுகள். ஊரே அமைதியாக இருக்கும்.

இங்கே ‘எல்லோருக்குமான உரிமை’ என்று ஒன்று உண்டு. காடு தனியாருக்குச் சொந்தமானதாக இருந்தாலும், வீட்டை ஒட்டிய இடத்தையும் பயிர் நிலத்தையும் விட்டுவிட்டு யாரும் நடக்கலாம், காட்டுப் பழங்கள் பறிக்கலாம், ஓரிரவு கூடாரம் போடலாம். நிபந்தனை ஒன்றுதான்... தொந்தரவு செய்யாதே, பாழாக்காதே. வெளியிலிருந்து வந்தவர்கள் ‘கட்டுப்பாடே இல்லாத நாடு’ என்று எழுதிக்கொண்டிருந்தபோது, அந்த நாட்டுக்காரர்கள் இந்த ஒரு வரிக் கட்டுப்பாட்டை நம்பித்தான் காட்டுக்கே கதவில்லாமல் வைத்திருந்தார்கள்.

சானாவில் சத்தம் இல்லை

இத்தாலியப் படத்தின் பிரபலக் காட்சி, சானா. கொதிக்கும் சூட்டில் மர அறையில் உட்கார்ந்து வியர்ப்பது, பிறகு குளிர்ந்த நீரில் குதிப்பது. ஸ்வீடனில் இதன் பெயர் ‘பாஸ்து’.

ஸ்டாக்ஹோமின் ட்ரொட்னிங்காட்டன் கடைவீதியில், ஒரு சின்னத் தோட்டத்துக்குப் பின்னால் ‘சென்ட்ரல்பாடெட்’ என்ற குளியல் மாளிகை இருக்கிறது. 1904ல் கட்டியது. வேலை முடித்து வருபவர்கள், முழங்கால் வலிக்காக வரும் தாத்தா பாட்டிகள் என எல்லோரும் வருவார்கள். நாட்டின் பொது நீச்சல் குளங்களில் பெரும்பாலும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி சானா அறைகள்தான். உள்ளே யாரும் அதிகம் பேசுவதில்லை. நம் ஊரில் சனிக்கிழமை எண்ணெய்க் குளியலில் எவ்வளவு ‘கவர்ச்சி’ உண்டோ, அவ்வளவுதான் இதிலும்.

கேமரா விஷயத்தில் மட்டும் கண்டிப்பு. குளியலறை, உடை மாற்றும் அறை, வீடு போன்ற இடங்களில் ஒருவரைத் திருட்டுத்தனமாகப் படம் பிடிப்பதை 2013 முதல் தனிக் குற்றமாகவே ஆக்கிவிட்டது ஸ்வீடன்.

ஞாயிற்றுக்கிழமை பூட்டிய கடை

‘குடிகார நாடு’ என்பது அடுத்த பட்டம். அதைத் தேடிப் போகும் பயணிக்குக் கிடைப்பது ஒரு பூட்டிய கதவாக இருக்கலாம்!

நம் ஊர் டாஸ்மாக் போலவே அங்கேயும் மது விற்பது அரசுக் கடைதான். பெயர் ‘சிஸ்டம்போலாகெட்’. சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணியோடு ஷட்டர் இறங்கும். ஞாயிறு விடுமுறை. இருபது வயது ஆகாதவருக்குக் கிடையாது. தள்ளுபடி கிடையாது. இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் கிடையாது. லாபத்துக்காக அல்ல, குடியால் வரும் கேட்டைக் குறைக்கத்தான் இந்தக் கடை என்பது அதன் அடிப்படை விதி.

இதன் பின்னால் ஒரு பெரிய போராட்டம் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் குடி அந்த நாட்டின் ஏழைக் குடும்பங்களைச் சூறையாடியது. தேவாலயங்களும் தொழிற்சங்கங்களும் மதுவிலக்கு இயக்கங்களும் தெருவுக்கு வந்தன. 1922ல் முழு மதுவிலக்கு வேண்டுமா என்று பொது வாக்கெடுப்பே நடத்தினார்கள். மயிரிழையில் தோற்றது. ஏற்கெனவே இருந்த ரேஷன் முறையே தொடர்ந்தது. மது வாங்க ஒரு கையடக்கப் புத்தகம். ஒவ்வொரு முறை வாங்கும்போதும் அதில் பதிவு. யாருக்கு எவ்வளவு என்பதை அதிகாரிகள் முடிவு செய்தார்கள். மணமான பெண்களுக்குப் பெரும்பாலும் புத்தகமே கிடையாது. அந்த ரேஷன் முறை ஒழிந்ததும் அதே 1955ல்தான்.

ஒரு நாடு தன் வியாதியோடு நூறு ஆண்டுகள் மல்லுக்கட்டியிருக்கிறது. அதில் தெருவில் தள்ளாடும் ஒரு மனிதன் மட்டும் கேமராவுக்குப் போதுமானதாக இருந்தது.

கணக்கு எழுதியவர்கள்

இனி கனமான விஷயம். ஸ்வீடன் என்றால் தற்கொலை என்று ஒரு பேச்சு பல ஆண்டுகள் உலகம் முழுக்க ஓடியது. 1960ல் அமெரிக்க அதிபர் ஐசனோவர், சிகாகோவில் தன் கட்சிக்காரர்களிடம் பேசும்போது, பெயரைச் சொல்லாமல் ஓர் ஐரோப்பிய நாட்டைக் குறிப்பிட்டார். அரசு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வதால் அங்கே தற்கொலையும் குடியும் பெருகிவிட்டன என்பது அவர் வாதம். அது ஸ்வீடன்தான் என்று எல்லோருக்கும் புரிந்தது. பதவியிலிருந்து இறங்கிய பின், 1962ல் ஸ்டாக்ஹோமுக்கு வந்தபோது அதற்காக வருத்தம் தெரிவித்தார் ஐசனோவர்.

உண்மை என்ன? அந்தக் காலத்தில் ஹங்கேரி, ஆஸ்திரியா போன்ற நாடுகளில் தற்கொலை விகிதம் ஸ்வீடனைவிட அதிகம். ஆனால், ஸ்வீடன் கணக்கை ஒளிக்கவில்லை. 1749லேயே தேவாலயப் பாதிரியார்கள் மூலம் நாடு முழுக்கப் பிறப்பு, இறப்பு, இறப்பின் காரணம் எல்லாவற்றையும் பதியத் தொடங்கிய நாடு அது. 1766ல், அரசின் ஆவணங்களைக் குடிமக்கள் கேட்டுப் பார்க்கலாம் என்று உலகில் முதன்முதலாகச் சட்டம் போட்டதும் அதே நாடுதான். நம் ஊர் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005ல் வந்தது. அதற்கு 239 ஆண்டுகள் முந்தைய கொள்ளுப்பாட்டி!

பல நாடுகளில் தற்கொலை என்பது குடும்பத்துக்கு அவமானம், மதத்துக்குப் பாவம், சட்டத்துக்குக் குற்றம். அதனால் ‘மாரடைப்பு’, ‘விபத்து’ என்று எழுதிவிடுவார்கள். உள்ளதை உள்ளபடி எழுதியவர்கள் உலகின் கண்ணில் நோயாளியானார்கள். எழுதாமல் விட்டவர்கள் ஆரோக்கியசாலிகளாகத் தெரிந்தார்கள்! ஆனால், கணக்கு இருந்ததால்தான் தடுப்பதற்கும் வழி தேட முடிந்தது. 2008ல், ஒருவர்கூடத் தற்கொலைக்குத் தள்ளப்படக் கூடாது என்ற இலக்கை நாடாளுமன்றமே ஏற்றுக்கொண்டது.

மரணத்தை அந்த மக்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று அறிய, நகரின் தெற்கே உள்ள ‘ஸ்கூக்ஸ்ஷிர்கோகார்டன்’ என்ற காட்டுக் கல்லறைக்குப் போக வேண்டும். வாயில் நுழையாத பெயர்தான். ஆனால், 1994 முதல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். பைன் மரங்களுக்கு இடையே ஒரே மாதிரியான எளிய கல்லறைகள். ஹாலிவுட்டையே ஆண்ட நடிகை கிரேட்டா கார்போவின் கல்லறையும் இங்கேதான். நவம்பர் தொடக்கத்தில் வரும் ‘அனைத்துப் புனிதர்கள்’ சனிக்கிழமை மாலையில், இருட்டத் தொடங்கியதும் குடும்பம் குடும்பமாக வந்து விளக்கேற்றுவார்கள். குழந்தைகள் தீக்குச்சி உரச, பெரியவர்கள் காற்றை மறைக்க, காடு முழுக்கச் சுடர்கள். இறந்தவர் எப்படி இறந்தார் என்று அந்த விளக்குகள் பிரித்துப் பார்ப்பதில்லை.

கேமரா போகாத ஊர்

அப்படியானால் ஸ்வீடனுக்கு இருண்ட பக்கமே இல்லையா? இருந்தது. கவர்ச்சிப் படங்கள் காட்டியதைவிடப் பல மடங்கு இருண்டது.

ஸ்டாக்ஹோமிலிருந்து ரயிலில் சுமார் நாற்பது நிமிடம் வடக்கே போனால், உப்சாலா. இரட்டைக் கோபுர தேவாலயமும் பழைமையான பல்கலைக்கழகமும் ஆற்றங்கரை காபிக் கடைகளுமாக அழகான மாணவர் நகரம். இங்கேதான் 1922ல் ‘இன உயிரியல் கழகம்’ என்ற அரசு நிறுவனம் தொடங்கப்பட்டது. தலைவர் ஹெர்மன் லுண்ட்பாரி. மனிதர்களின் மண்டையோட்டை அளந்து, யார் ‘உயர்ந்த’ இனம், யார் ‘தாழ்ந்த’ இனம் என்று வகைப்படுத்துவது அதன் வேலை. வடக்கே கலைமான் மேய்த்து வாழ்ந்த சாமி பழங்குடிகளை வரிசையில் நிறுத்தி அளந்தார்கள். சிலரை உடை களையவைத்தும் படம் எடுத்தார்கள். ஆயிரக்கணக்கான அந்தப் புகைப்படங்கள் இன்றும் உப்சாலா பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. மனிதரைக் காட்சிப்பொருளாக்கும் கேமரா வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை!

அந்தச் சிந்தனையின் நிழலில் வந்தது கருத்தடைச் சட்டம். 1935 முதல் 1975 வரை சுமார் 63,000 பேருக்குக் கருத்தடை அறுவை சிகிச்சை செய்யப்பட்டது. மிகப் பெரும்பாலோர் பெண்கள். தானே விரும்பிக் கேட்டவர்களும் உண்டு. ஆனால், ‘புத்தி குறைந்தவள்’, ‘ஒழுக்கம் இல்லாதவள்’, ‘ஏழை’ என்று முத்திரை குத்தப்பட்டு, காப்பகத்திலிருந்து வெளியே விட வேண்டுமானால் கையெழுத்துப் போடு என்று நெருக்கப்பட்டவர்களும் ஏராளம். எல்லோரையும் அரவணைக்கும் மக்கள்நல அரசு என்று உலகம் புகழ்ந்த அதே அரசின் கையால் நடந்தது இது.

‘சொர்க்கமும் நரகமும்’ படம் வெளியான 1968ல் இந்தச் சட்டம் நடைமுறையில்தான் இருந்தது. நரகத்தைத் தேடி வந்தவர்கள் இரவு விடுதி வாசலில் காத்திருந்தார்கள்.

பிறகு யார் திறந்தார்கள்? ஸ்வீடன்காரர்களேதான். வரலாற்று ஆய்வாளர்கள் ஆவணக் காப்பகங்களில் உட்கார்ந்து கோப்புகளைப் படித்தார்கள். 1997 ஆகஸ்டில் மாச்சே ஸரெம்பா என்ற பத்திரிகையாளர், ‘டாகென்ஸ் நீஹேட்டர்’ நாளிதழில் இதைத் தொடராக எழுதினார். நாடே அதிர்ந்தது. அரசு விசாரணைக் குழு அமைத்தது. 1999ல் நாடாளுமன்றம், பாதிக்கப்பட்டவர்களில் உயிரோடு இருந்தவர்களுக்குத் தலா 1,75,000 குரோனா இழப்பீடு வழங்கச் சட்டம் இயற்றியது.

அவர் எழுதியதில் கிளுகிளுப்பு இல்லை. மருத்துவமனைக் கோப்பும், ஒரு மூதாட்டியின் ஐம்பது ஆண்டு மௌனமும் சினிமா டிக்கெட்டாக விலைபோகாது.

ரிங்கெபி: புதிய கேமராக்கள்

பழைய கதைதானே என்று நினைத்தால், மெட்ரோவின் அதே நீலப் பாதையில் வடமேற்கே ரிங்கெபிவரை போய்ப் பார்க்கலாம்.

1965 முதல் 1974 வரை பத்து லட்சம் வீடுகள் கட்டுவது என்ற பிரமாண்டத் திட்டத்தில் எழுந்த குடியிருப்பு இது. இன்று சோமாலியா, இராக், துருக்கி எனப் பல நாடுகளிலிருந்து வந்தவர்களும் அவர்களின் பிள்ளைகளும் இங்கே வாழ்கிறார்கள். 2017 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் டிரம்ப் ஒரு கூட்டத்தில், ‘நேற்றிரவு ஸ்வீடனில் நடந்ததைப் பாருங்கள்’ என்ற பொருளில் பேசினார். ஸ்வீடன்காரர்கள் விழித்தார்கள். அன்றிரவு அப்படி எதுவும் நடக்கவில்லையே! தொலைக்காட்சியில் பார்த்ததைச் சொன்னேன் என்று பிறகு விளக்கம் கொடுத்தார் டிரம்ப்.

அவர் பார்த்தது, ஆமி ஹோரோவிட்ஸ் என்பவர் ஸ்வீடனின் குடியேறிகளைப் பற்றி எடுத்த ஆவணப்படத்தின் துண்டுகள். அதில் பேசிய போலீஸ்காரர்கள், ‘நாங்கள் வேறு கேள்விகளுக்குச் சொன்ன பதிலை வெட்டி ஒட்டிவிட்டார்கள்’ என்று நாளிதழிடம் குமுறினார்கள். ஹோரோவிட்ஸ் அதை மறுத்தார்.

இங்கேயும் பிரச்னை பொய் அல்ல. அந்தப் பேச்சுக்கு இரண்டு நாள் கழித்து ரிங்கெபியில் உண்மையிலேயே கலவரம் நடந்தது, கார்கள் எரிந்தன. துப்பாக்கிச் சூடுகளில் 2022ல் நாடு முழுக்க 62 பேர் இறந்தார்கள். இந்த எண்ணிக்கையை வெளியிட்டது ஸ்வீடன் போலீஸ். எந்தெந்தக் குடியிருப்புகளில் நிலைமை மோசம் என்று பட்டியல் போட்டு வெளியிடுவதும் அதே போலீஸ்தான்.

ஆனால், ரிங்கெபியில் இன்னொன்றும் நடக்கிறது. 1980களின் கடைசியிலிருந்து, இலக்கிய நோபல் பரிசு வாங்க டிசம்பரில் ஸ்டாக்ஹோம் வரும் எழுத்தாளர்களை இங்கே அழைத்துவருவது வழக்கம். ரிங்கெபி பிள்ளைகள் அந்த எழுத்தாளரின் படைப்புகளைப் பல வாரங்கள் படித்து, படம் வரைந்து, ஒரு சிறு புத்தகமே தயாரித்துப் பரிசளிப்பார்கள். அரண்மனை விருந்துக்கு நடுவே இந்தப் பிள்ளைகளோடு ஒரு பகல். எரியும் காரைக் காட்டிய சேனல்களில் எத்தனை இதைக் காட்டியிருக்கும்?

சாக்கடை ஆய்வாளர்

இந்த வலி நமக்கும் தெரியும். 1927ல் அமெரிக்கப் பத்திரிகையாளர் கேத்தரின் மேயோ ‘மதர் இந்தியா’ புத்தகத்தை எழுதினார். குழந்தைத் திருமணம், தீண்டாமை, சுகாதாரக்கேடு என இந்தியாவின் அழுக்குகளை மட்டும் அடுக்கி, இவர்கள் சுயராஜ்ஜியத்துக்குத் தகுதியற்றவர்கள் என்ற முடிவுக்கு வந்த புத்தகம். இதைச் சாக்கடை ஆய்வாளரின் அறிக்கை என்றார் காந்தி. ஆனால், அதே காந்தி, ஒவ்வொரு இந்தியரும் இதைப் படித்தால் ஓரளவு பயன் உண்டு என்றும் சொன்னார். கோவை அ.அய்யாமுத்து ‘மேயோ கூற்று மெய்யா பொய்யா?’ என்று தமிழில் ஒரு புத்தகமே எழுதினார்.

1970ல் பிரெஞ்சு இயக்குநர் லூயி மால் இந்தியா பற்றி எடுத்த ஆவணப்படங்களை பிபிசி ஒளிபரப்பியபோது, டெல்லி பிபிசி அலுவலகமே மூடப்பட்டது. அவை மோண்டோ ரகப் படங்கள் அல்ல. பொறுமையாக, அன்போடு எடுக்கப்பட்டவை. ஆனாலும் கோபம் வந்தது. அடுத்தவர் நம் வீட்டுக் கொல்லைப்புறத்தைப் படம் பிடித்தால் யாருக்கும் வரும் கோபம்தான்.

சாக்கடையை டிக்கெட் விற்கத் திறப்பவரும் இருக்கிறார், தூர்வாரத் திறப்பவரும் இருக்கிறார். 1968ல் வந்தவர் முதல் ரகம். 1997ல் எழுதியவர் இரண்டாம் ரகம். இரண்டு பேரும் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் நின்றிருப்பார்கள். கையில் வைத்திருந்தது மட்டும் வேறு.

இன்று கேமரா எல்லோர் சட்டைப் பையிலும் இருக்கிறது. தாய்லாந்து, ஜப்பான், ஆப்பிரிக்கா என்று போகும் நம் ஊர் இளைஞர்களும் ‘இருண்ட பக்கம்’, ‘அதிர்ச்சி’, ‘யாரும் காட்டாத காட்சி’ என்று தலைப்பு வைத்து வீடியோ போடுகிறார்கள். குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கிறோம். அடுத்த முறை அப்படி ஒன்று திரையில் வந்தால், மூன்று விஷயங்களைக் கவனிக்கலாம். வீடியோவில் காட்டப்படும் மனிதருக்குத் தன் வாயால் பேச இடம் கிடைக்கிறதா? சொல்லப்படும் எண்ணிக்கையைப் பக்கத்து நாடுகளோடு ஒப்பிடுகிறார்களா? அந்த ஊர்க்காரர்களே அந்தப் பிரச்னைக்காக என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று ஒரு நிமிடமாவது காட்டுகிறார்களா?

மூன்றுக்கும் ‘இல்லை’ என்றால், அது 1968ல் எடுத்த படம்தான். தேதி மட்டும் புதிது.

ஸ்வீடன் போகிறவர்கள் கவனத்துக்கு

* ஷெங்கன் விசா வேண்டும். பணம், ஸ்வீடிஷ் குரோனா, யூரோ அல்ல. பல கடைகளில் ரொக்கம் வாங்கவே மாட்டார்கள். கார்டு அவசியம்.

* ஜூனில் ஸ்டாக்ஹோமில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் பிற்பகல் மூன்று மணிக்கே இருட்டிவிடும். முதல்முறை போகிறவர்களுக்கு மே முதல் ஆகஸ்ட் வரை ஏற்ற காலம்.

* மெட்ரோ ஓவியங்களைப் பார்க்க நீலப் பாதை சிறந்தது. ஒரே டிக்கெட்டில், 75 நிமிடங்களுக்குள் இறங்கி ஏறிப் பல நிலையங்களைப் பார்க்கலாம்.

* காபியும் இலவங்கப்பட்டை பன்னுமாக ஓய்ந்து உட்காரும் நேரத்துக்கு ‘ஃபீகா’ என்று பெயர். யாராவது அழைத்தால் மறுக்காதீர்கள். அந்த நாட்டைப் பற்றி அந்த நாட்டுக்காரர் வாயாலேயே கேட்க அதைவிட நல்ல நேரம் கிடைக்காது.